பாட்டும் பாடியோரும்

கோப்பிக் காலத்தை 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை கண்டவரல்லர், 1869இல் தோன்றிய இலைநோய் அப்பயிரை முன்பே அழித்துவிட்டது. எனினும் அவர் தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலில் கோப்பி மலையின் துயரம் ஒலிக்கிறது. அதனைக் காத்துத் தந்தது தோட்டத்து முதியோரின் நினைவே. அவர்களை அந்நூலின் கூட்டாசிரியர் என்றே நாம் கருதுகிறோம்.

அவர்தம் வழிவந்தோர் இன்றும் அட்டன், நுவரெலியா லயங்களில் மூப்படைகின்றனர். கொழுந்து பறித்து ஓய்ந்தோர்க்கு ஊழியர் சேமலாப நிதி ஒருமுறை கிடைக்கும். மாத ஓய்வூதியம் இல்லை. அவர்களிடம் பாட்டை மட்டும் கேட்டுச் செல்லும் ஆய்வு பாதி ஆய்வே. எதை ஆராய்வது, பயன் யாருக்கு என்பதை அவர்களும் உடனிருந்து முடிவுசெய்தல் வேண்டும். பாட்டைப் போற்றிப் பாடியவளை மறப்பது இலக்கியத் தொண்டாகாது.