இரும்பை ஒதுக்கும் கருவி

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் ஒரே கல்லில் வடித்த நெடிய ஆஞ்சநேயரைப் பற்றி ஒரு செய்தி வழங்கிவருகிறது. திப்பு சுல்தான் படையெடுத்து வருவார் என்று பயந்து 1740-இல் சிலையை மண்ணுக்குள் மூடிவிட்டார்களாம். 1930-இல்தான் அது வெளியே வந்ததாம். 1740-இல் திப்பு பிறக்கவே இல்லை. அவருடைய படை திருவிதாங்கூரின் நெடுங்கோட்டையைத் தாக்கியதே 1789 கடைசியில்தான். ஆண்டை யாரோ குழப்பியிருக்கிறார்கள், போகட்டும். சிலை மூடிக் கிடந்த இடத்தின் மேல் இன்றைய விலை உயர்ந்த மெட்டல் டிடெக்டரோடு ஒருவர் நாள் முழுக்க நடந்திருந்தாலும் அந்தக் கருவி அவரிடம் எதுவும் சொல்லியிருக்காது. கருங்கல்லை அது கண்டுகொள்வதில்லை.

உலோகத்தையாவது சரியாகச் சொல்லுமா? கருவியின் சுருளிலிருந்து மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. உலோகம் இருந்தால் அதற்குள் சிறு மின்னோட்டம் சுழலும். அது எழுப்பும் எதிர்ப்புலத்தைச் சுருள் பிடித்துக்கொள்ளும். பொருளின் கடத்துதிறன், அளவு, வடிவம் எல்லாம் கலந்து திரையில் ஒரே ஓர் எண்ணாக வருகிறது. பெரிய வெள்ளிக்காசுக்கு உயர்ந்த எண், சிறிய ஆணிக்குத் தாழ்ந்த எண். வில்லங்கம் நடுவில் இருக்கிறது. மெல்லிய தங்க மோதிரமும் குளிர்பான டின்னின் அலுமினிய வளையமும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நிற்கும்.

அதனால் பழகிய கைகள் எண்ணைவிடக் காதைத்தான் நம்பும். ஒருமுறை தெற்கு வடக்காக வீசிவிட்டு, அதே இடத்தில் திரும்பி நின்று கிழக்கு மேற்காக வீசுவார்கள். இரண்டு பக்கமும் ஒலி திரண்டு வந்தால் காசாக இருக்கலாம்; ஒரு பக்கம் உடைந்து கரகரத்தால் பெரும்பாலும் ஆணி. இதுவும் காசளவுப் பொருள் ஒரு சாண், மிஞ்சினால் ஓர் அடி ஆழத்தில் இருக்கும்வரைதான். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில், அதுவும் உப்புநீர் ஊறிய இடத்தில், சாதாரணக் கருவிக்கு மண்ணின் இரைச்சலே பெரும்பாடு.

தமிழ்நாட்டில் அண்மையில் பேசப்பட்ட பெரிய புதையல்கள் இந்தக் கருவியால் கிடைத்தவையும் அல்ல. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் இடத்தைச் சுத்தம் செய்தபோது 505 தங்கக்காசுகள் வந்தன. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்கு மண் எடுத்தபோது ஐம்பொன் சிலைகளும் 400-க்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் வெளிவந்தன.

அப்படியென்றால் கருவி வீண் என்று தள்ளிவிடலாமா? முடியாது. இலங்கையின் வடக்கே, முகமாலை போன்ற இடங்களில் மிதிவெடி அகற்றியவர்களைக் கேட்டால் தெரியும். அவர்கள் அதனிடம் ‘இது என்ன’ என்று கேட்பதில்லை. ‘இங்கே ஏதாவது இருக்கிறதா’ என்று மட்டுமே கேட்கிறார்கள். ஒலித்த இடத்தையெல்லாம் வெடியாகவே எண்ணித் தோண்டுகிறார்கள். குண்டுச் சிதறல் நிறைந்து ஓயாமல் ஒலிக்கும் மண்ணில் கருவியை ஓரமாக வைத்துவிட்டு வாரியால் மண்ணை மெல்ல மெல்ல வாரியெடுத்த இடங்களும் உண்டு.

பொழுதுபோக்குக்காகப் புதையல் தேடுபவர் நேர் எதிர். காசு கூடக் கொடுத்து ‘பாகுபடுத்தும்’ வசதியுள்ள கருவியை வாங்கி, முதல் வேலையாக இரும்பின் ஒலியை அடைத்துவிடுகிறார். இந்தப் பழக்கத்தின் பெரிய குறை இதுதான், அதிலும் நம் மண்ணில். சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. கருவி குப்பை என்று ஒதுக்குவதும் இதே இரும்பைத்தான். அந்தக் காலக்கணக்கும் இரும்பிலிருந்து வரவில்லை. கூடவே கிடந்த கரித்துண்டும் பானை ஓடும் கொடுத்த கணக்கு அது. உலோகத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனால் மிஞ்சுவது தேதியில்லாத துருத்துண்டு. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டமும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றே தொடங்குகிறது. கருவியைப் போலச் சட்டமும் முதலில் விலையைத்தான் விசாரிக்கிறது!

தொல்லியலில் இந்தக் கருவி உண்மையாகவே பெயர் வாங்கியது போர்க்களத்தில். 1876-இல் அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்னில் நடந்த சண்டையை 1984-இல் ஆய்வாளர்கள் மறுபடி வாசித்தார்கள். ஒவ்வொரு தோட்டாவும் கிடந்த இடத்தைக் குறித்து, தோட்டா உறையில் துப்பாக்கி ஊசி பதித்த தழும்பை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கெங்கே நகர்ந்தது என்று தொடர்ந்தார்கள். அங்கே ஒரு பொருளுக்குத் தனியாக மதிப்பில்லை. பொருள்கள் சிதறிக் கிடந்த விதத்துக்குத்தான் மதிப்பு.

சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு களம் தேடினால் குளச்சல் இருக்கிறது. 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரரை முறியடித்த கரை. தொல்லியல் துறை அனுமதியோடு அங்கே இறங்குபவருக்குத் திரையில் எண் காட்டும் கருவி உதவாது. கருமணலைச் சமாளிக்கும் துடிப்பு வகைக் கருவி வேண்டும். அதற்கோ இரும்பையும் ஈயத்தையும் பிரிக்கத் தெரியாது. ஒலித்த இடமெல்லாம் தோண்டியாக வேண்டும். துப்பாக்கிக் குண்டோடு மீனவர்கள் வலையில் கட்டும் ஈயமும் சேர்ந்தே வரும். வலை ஈயத்தில் கயிறு கோத்த துளை இருக்கும், குண்டில் இருக்காது. அது தோண்டி எடுத்து மண்ணைத் துடைத்த பிறகுதான் கண்ணில் படும்.