தோற்ற ஆட்டத்துக்கு அடுத்த ஆட்டம்

ஓட்டப்பந்தயத்தில் தோற்றவனுக்கு மூச்சிரைப்பு என்றொரு மறைவிடம் உண்டு. கிரிக்கெட்டில் தோற்றவன் ஈரமான ஆடுகளத்தையோ நடுவரின் விரலையோ காரணம் காட்டலாம். சதுரங்கத்தில் தோற்றவனுக்கோ, தன் கையால் தானே நகர்த்திய காய்களைத் தவிரக் குற்றம் சாட்டுவதற்கு உலகில் வேறொரு வஸ்துவும் இல்லை. ஆகையால், இளம் வயதில் ஒருவனுக்கு மனோதிடம் எவ்விதம் உருவாகிறது என்பதைக் கலப்படமின்றிக் காண விரும்பும் ரசிகன், மைதானங்களைக் காட்டிலும் 64 கட்டங்களுக்கு முன்னே வந்து உட்கார்வதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

சென்னையில் பிறந்து வளர்ந்த குகேஷ், 2024 டிசம்பர் 12ஆம் தேதி, தமது 18ஆம் வயதில், சிங்கப்பூரில் சீனத்தின் டிங் லிரெனை வென்று உலக சாம்பியனானதை நாடே கொண்டாடியது. அவருடைய கணக்கிடும் ஆற்றலை வியந்து எழுத வல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்தக் காரியத்தை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். என் சித்தத்தைக் கவர்ந்தது அவர் தோற்ற பிறகு அடுத்த ஆட்டத்துக்கு வந்து உட்காரும் விதம்.

முதல் ஏமாற்றம் சிறு வயதிலேயே வந்துவிட்டது. 2019 ஜனவரியில், 12 வயதும் 7 மாதமும் 17 நாளும் நிரம்பியபோது அவர் கிராண்ட்மாஸ்டர் ஆனார். உலகிலேயே மிக இளைய கிராண்ட்மாஸ்டர் என்று கர்யாகின் என்ற ஆட்டக்காரர் வைத்திருந்த கீர்த்தி அந்த 17 நாளில் கை நழுவிப்போயிற்று. பெரியவர்களுக்கு இது அற்ப விஷயம். மீண்டும் ஒரு முறை முயன்று பார்ப்பதற்கு அந்த வயது திரும்பி வராது என்பதை அறிந்த பையனுக்கு அப்படியிருந்திருக்காது.

அதைவிடக் கடுமையான பரீட்சை 2022 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் காத்திருந்தது. செஸ் ஒலிம்பியாடில் இந்தியாவின் இரண்டாம் அணிக்கு முதற் பலகையில் ஆடிய அவர், தொடர்ச்சியாக எட்டு ஆட்டங்களை வென்று, ஒன்பதாவதை டிரா செய்து, பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராகவும் மேலோங்கியிருந்த நிலையில், வெற்றியை வற்புறுத்திப் பெறும் ஆவேசத்தில் தவறிழைத்துத் தோற்றார். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போயிற்று, நம்மவர்களுக்கு வெண்கலம். முதற் பலகைக்கான தனிநபர் தங்கம் அவருக்கே கிடைத்ததென்றாலும், தன் பிழையால் அணி இழந்ததை அது ஈடுசெய்ததென்று யாரும் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது. சொந்த மண்ணில், சொந்த ஜனங்களின் முன்னிலையில், 16 வயதில் இப்படியொரு வீழ்ச்சிக்கு உள்ளான ஒருவன், அதன் பிறகு அபாயமில்லாத ஆட்டம் ஆடுபவனாக, அரைப் புள்ளியோடு திருப்திப்படுபவனாக மாறிப்போவதுதான் சகஜம். எத்தனையோ சாமர்த்தியசாலிகள் அவ்விதமே மாறி, கௌரவமாகவும் சுவாரசியமின்றியும் காலம் கழித்திருக்கிறார்கள். குகேஷ் மாறவில்லை, இரண்டு வருஷங்களுக்குப் பின் புடாபெஸ்டில் அதே முதற் பலகையில் பத்து ஆட்டங்களில் ஒன்பது புள்ளி எடுத்து அணிக்குத் தங்கம் சேர்த்தபோது, அந்த ஆவேசம் அப்படியே இருந்தது, நிதானம் மட்டும் கூடியிருந்தது.

இடையில் டொரொண்டோ. உலக சாம்பியனை எதிர்த்து ஆடுபவரைத் தேர்ந்தெடுக்க 2024 ஏப்ரலில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாம் சுற்றில், கடிகாரத்தின் நெருக்கடியில் பிரான்ஸின் பிரூஜாவிடம் தோற்றார். மறுநாள் ஓய்வு நாள். அந்த ஓய்வு நாளில்தான், தோல்வியின் வலி இன்னும் ஆறாத வேளையில், தமக்கு ஒரு புதிய தெம்பு பிறந்ததாகப் பிற்பாடு அவரே தெரிவித்தார். மீதமிருந்த ஏழு ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் ஒன்பது புள்ளிகளுடன் முதலிடம் பெற்றார்.

சிங்கப்பூர் ஆட்டங்களில் ஜனங்கள் நினைவில் வைத்திருப்பது கடைசி ஆட்டத்தை. எனக்குப் பிரியமானது ஆறாவது. முதல் ஆட்டத்தில் வெள்ளைக் காய்களுடன் தோற்று, மூன்றாவதை வென்று, சமநிலையில் இருந்த சமயம் அது. கறுப்புக் காய்களுடன் ஆடிய குகேஷுக்குப் பலகையில் சற்றே பாதகம். டிங் ஒரே நகர்த்தல்களைத் திருப்பித் திருப்பி ஆடி, சமாதானத்துக்குச் சம்மதம் என்று சொல்லாமற் சொன்னார். விவேகமுள்ள எவரும் அதை ஏற்றிருப்பார்கள். குகேஷோ 26ஆவது நகர்த்தலில் ராணியை எதிராளியின் ராஜா இருக்கும் பக்கத்துக்குத் திருப்பி, ஆட்டம் முடியவில்லை என்று அறிவித்தார். நிபுணர்கள் பலர் இதை அசட்டுத் துணிச்சல் என்றார்கள். கணிப்பொறியின் தராசும் அவர்கள் பக்கமே சாய்ந்தது. கடைசியில் அந்த ஆட்டம் டிராவில்தான் முடிந்தது. ஆனாலும் மாமல்லபுரத்தில் இதே ஆவேசத்தால் சுட்டுக்கொண்ட கையை அவர் மறுபடியும் அதே நெருப்புக்கு அருகே கொண்டுபோனார் என்பதையும், இம்முறை எவ்வளவு தூரத்தில் நிறுத்த வேண்டுமென்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது என்பதையும் எண்ணும்போது, எனக்கு அந்த நகர்த்தல் நிபுணர்களின் மதிப்பெண்ணைவிடப் பெரிதாகப் படுகிறது.

பதினோராவது ஆட்டத்தில் வென்று முன்னிலை பெற்றவர், பன்னிரண்டாவதில் டிங்கின் அற்புதமான ஆட்டத்துக்கு முன் சின்னாபின்னமானார். அதற்குப் பின்னும் பதின்மூன்றாவதில் அழுத்தம் கொடுத்தே ஆடினார். 2011இல் உலகக் கோப்பை வென்ற நம் கிரிக்கெட் அணியோடு பணியாற்றிய தென் ஆப்பிரிக்கரான பாடி அப்டன் அவருக்கு மனப்பயிற்சி அளித்து வந்தார் என்பது பிரசித்தம். பயிற்சியாளர் கற்பிக்கக்கூடியது ஓரளவுதான். மீதியைத் தோல்விகளே கற்பித்திருக்க வேண்டும்.

பதினான்காவது ஆட்டத்தின் 55ஆவது நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்ததால்தான் பட்டம் கிடைத்தது, ஆகவே இது அதிர்ஷ்டம் என்று வாதிப்போர் உண்டு. தவறு டிங்கினுடையதே; மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரேயொரு சிப்பாய் அதிகமிருந்தும், பெரும்பாலோர் டிரா என்று கைகுலுக்கிப் பிரிந்திருக்கக்கூடிய நிலையில், எதிராளியை மேலும் மேலும் யோசிக்க வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர் யார்? யானைகளையும் மந்திரிகளையும் மாற்றிக்கொண்டால் ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சி வெற்றி நிச்சயம் என்று கண்ட கணத்தில் அவர் கண்கள் விரிந்தன. பிறகு கண்ணீரோடு காய்களைப் பலகையில் ஒழுங்காக அடுக்கிவைத்தார்.

பட்டம் வந்தபின் இந்தச் சுபாவம் மங்கிவிடுமோ என்று சந்தேகப்பட்டவர்களில் நானும் ஒருவன். 2025 பிப்ரவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீயில் நடந்த போட்டியின் கடைசிச் சுற்றில் சக இந்தியரான அர்ஜுன் எரிகைசியிடமும், பிறகு முதலிடத்துக்கான தீர்வு ஆட்டத்தில் இன்னொரு இந்தியரான பிரக்ஞானந்தாவிடமும் தோற்றார். மே மாதம் நார்வேயின் ஸ்டாவங்கரில் நடந்த போட்டியில், முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சனிடம் முதற் சுற்றிலேயே தோற்றார். அதே போட்டியில், ஜூன் 1ஆம் தேதி, அதே கார்ல்சனுக்கு எதிராகத் தோல்வியின் விளிம்பில் நெடுநேரம் தாக்குப்பிடித்து, இறுதியில் ஆட்டத்தைத் திருப்பி வென்றார். கார்ல்சன் மேஜையில் ஓங்கிக் குத்தியதைத்தான் தொலைக்காட்சிகள் ஓயாமல் காட்டின. ரசனையுள்ளவர்கள் அந்தக் காட்சியை விட்டுவிட்டு, அதற்கு முந்திய நகர்த்தல்களை, பலகை முழுதும் பாதகமாயிருந்தும் ஒவ்வொரு முறையும் இருப்பதில் சிறந்த தற்காப்பைத் தேடி எடுத்த அந்த நீண்ட பகுதியை, ஒரு விடுமுறை நாளில் பலகையில் காய்களை வைத்து ஆடிப் பார்க்கலாம்.