சாம்பாரில் விழுந்த மீன்

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு விடுதி. ஜனவரிக் குளிர். நாங்கள் நாலு பேர். நாலு பேரும் பி.காம்., ஒரே பெஞ்ச். ஒருத்தன் ஆடிட்டர், ஒருத்தன் பேங்க், ஒருத்தன் மாமனாரின் இரும்புக் கடை, நான் இந்தப் பக்கம். ராத்திரி சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் ஆயிற்று. செல்போனில் சிக்னல் இல்லை. சிக்னல் இல்லாத இடத்தில் நாலு தமிழர்கள் என்ன செய்வார்கள்? அரசியல் பேசினால் நட்பு கெடும் என்று சினிமா பேசினோம். அதிலும் கிட்டத்தட்டக் கெட்டது.

ஆரம்பித்தது ஆடிட்டர். "ஒருத்தன் ஒரு படம்தான். உலகத்துலயே பெஸ்ட். காரணம் சொல்லணும்."

அவனே முதலில் சொன்னான். "நாயகன். டைம் பத்திரிகையே சொல்லியாச்சு. வேற என்னடா வேணும்?"

இந்த 'டைமே சொல்லியாச்சு'வை நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள், அல்லது சொல்லியிருப்பீர்கள். விஷயம் இதுதான். 2005-ல் 'டைம்' ஒரு நூறு படப் பட்டியல் போட்டது. போட்டவர்கள் ரிச்சர்ட் ஷிக்கல், ரிச்சர்ட் கார்லிஸ் என்று இரண்டே விமர்சகர்கள். அதில் முதலாவது, இரண்டாவது என்று ரேங்க் கிடையாது, பெயர் வரிசைதான். 'நாயகன்' இருந்தது. குருதத்தின் 'ப்யாசா' இருந்தது. சத்யஜித் ராயின் அப்பு படங்கள் மூன்றும் சேர்த்து ஒரே படமாக இருந்தன. இரண்டு அமெரிக்கர்களுக்குப் பிடித்திருந்தது என்பதை நாம் இருபது வருஷமாகத் தாமிரப் பட்டயம் மாதிரி தூக்கிக்கொண்டு அலைகிறோம்.

'நாயகன்' மட்டமா என்றால், இல்லவே இல்லை. சென்னையில் செட் போட்டு தாராவியை நம்ப வைத்த தோட்டா தரணி, அந்தச் செட்டில் மழையையும் நிழலையும் வைத்து விளையாடிய பி.சி. ஸ்ரீராம், வேலு நாயக்கரை இளைஞனிலிருந்து கிழவர் வரை கொண்டுபோன கமல். மூன்று பேருக்கும் தேசிய விருது கிடைத்தது நியாயம்தான். மணிரத்னம் எங்களைப் போல் காமர்ஸ் பட்டதாரி என்பதில் கூடுதல் பாசமும் உண்டு. ஆனாலும் எனக்கு ஒரு நெருடல். 1972-ன் 'காட்ஃபாதர்' அதன் தோள்மேல் கை போட்டுக்கொண்டே கூட வருகிறது. கையை எடுத்துவிட்டுப் பார்க்க முடியவில்லை. இதைச் சொன்னதும் ஆடிட்டர் என் தட்டிலிருந்த கடைசி லெக் பீஸை எடுத்துக்கொண்டான்.

அடுத்தது பேங்க். இவன் விஷயம் தெரிந்தவன். "சைட் அண்ட் சவுண்ட் என்ன சொல்லுதுன்னு பாருங்கடா" என்றான்.

லண்டனிலிருந்து வரும் அந்தப் பத்திரிகை 1952-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் ஓட்டு எடுக்கிறது. முதல் தடவை 'பைசைக்கிள் தீவ்ஸ்'. 1962-லிருந்து 2002 வரை ஐந்து தேர்தலிலும் 'சிட்டிசன் கேன்'. 2012-ல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' வந்து ஆட்சியைக் கவிழ்த்தது. 2022-ல் யாரும் எதிர்பார்க்காத 'ழான் டீல்மன்' முதலிடம். ஷாண்டல் ஆக்கர்மேன் 1975-ல் எடுத்தது. ஒரு பெண் இயக்கிய படம் அங்கே முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை. படத்தின் முழுப்பெயரில் கதவு எண், தெரு, ஊர், பின்கோடு எல்லாம் உண்டு. தெருப்பெயரில் 'காமர்ஸ்' என்றுகூட வருகிறது.

மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்தில் ஒரு விதவை சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், உருளைக்கிழங்கு உரிக்கிறாள். நடுவில், ஏதோ காய்கறிக்காரர் வந்து போவதுபோல், பணம் கொடுக்கும் ஆண்கள் வந்து போகிறார்கள். இரண்டாவது நாள் ஒரு சின்னப் பிசகு. அதிலிருந்து எல்லாம் சரிகிறது. நான் இரண்டு தவணையில்தான் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் பிறகு வீட்டு அடுப்படியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

எப்படி முதலிடம் வந்தது? 2012-ல் ஓட்டுப் போட்டவர்கள் 846 பேர். 2022-ல் 1600-க்கும் மேல். வாக்காளர் பட்டியல் மாறினால் ஆட்சி மாறும். அந்த நூறில் இந்தியாவிலிருந்து 'பதேர் பாஞ்சாலி' மட்டும்தான். தமிழுக்கு டெபாசிட் இல்லை.

இந்த இடத்தில் என் பி.காம். மூளை வேலை செய்தது. முதல் வருஷ அக்கவுன்டன்ஸியில் கணக்குகள் மூன்று வகை என்று படித்தோம்: ரியல், பர்சனல், நாமினல். சினிமாவுக்கும் அதுவேதான் என்றேன். காலம் தாண்டி நிற்கும் சொத்து ரியல் அக்கவுன்ட். நமக்கும் ஒரு படத்துக்கும் உள்ள தனிப்பட்ட கொடுக்கல் வாங்கல் பர்சனல் அக்கவுன்ட். பாதியில் தூங்கிவிட்டு, கேட்டால் 'சிட்டிசன் கேன்' என்று பெயரளவுக்குச் சொல்வது நாமினல் அக்கவுன்ட். நம் ஊர்ப் பட்டியல்களில் மூன்றாவதுதான் அதிகம்.

"அப்ப 1931-ல வந்த 'காளிதாஸ்'? முதல் தமிழ் பேசும் படம். பிரிண்ட்டே இல்ல. அது எந்த அக்கவுன்ட்?" என்றான் பேங்க்.

"வாராக்கடன்" என்றான் ஆடிட்டர்.

என் முறை வந்தது. நான் சொன்னது 'உதிரிப்பூக்கள்'. 1979, மகேந்திரன். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு பொறியை மட்டும் எடுத்துக்கொண்டு செய்த படம். இதைப் பற்றி எத்தனையோ தடவை எழுதியாகிவிட்டது, என்றாலும் எனக்கு அலுப்பதில்லை. விஜயன் செய்த சுந்தரவடிவேலு மாதிரி ஒரு கெட்டவன் தமிழ் சினிமாவில் அதற்கு முன்னால் கிடையாது. கர்ஜிக்க மாட்டான், கண்ணை உருட்ட மாட்டான். பள்ளிக்கூடம் நடத்துகிற, ஊரில் மரியாதையுள்ள மனிதன். அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியின் முகத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் மகேந்திரன் காட்டுகிறார். அஸ்வினியின் அந்த முகம் போதும், வசனம் வேண்டாம். கடைசியில் ஊரே சேர்ந்து அவனை ஆற்றுக்குக் கூட்டிப்போகிறது. அங்கே அவன் ஊர்க்காரர்களைப் பார்த்து, உங்களையும் என்னை மாதிரி ஆக்கிவிட்டேனே என்கிற அர்த்தத்தில் பேசுவது, நமக்கும் சேர்த்து விழும் அறை. அவன் தண்ணீருக்குள் போக, கரையில் அந்த இரண்டு குழந்தைகள். தண்டித்துவிட்டோம் என்ற திருப்தியை ஒரு நிமிஷம்கூட நமக்குத் தராத படம்.

இப்படிப் பத்து நிமிஷம் முழங்கினேன். இரும்புக் கடைக்காரன் மட்டும் குழம்புக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சொல்லுடா."

"மைக்கேல் மதன காமராஜன்."

சிரித்தோம். முப்பது வருஷமாக அவன் சொல்வது இதுதான். கல்லூரி கேன்டீனில் சொன்னான், கல்யாணத்தில் சொன்னான். காரணம் கேட்டால், "அந்த மீன் சீன்" என்பான். கல்யாணப் பந்திக்கான சாம்பாரில் மீன் விழுந்து, பாலக்காட்டு சமையல்காரர் காமேஸ்வரன் தவிப்பாரே, அது.

அவனைக் கிண்டல் செய்தாலும், அந்தப் படத்தை நான் சும்மா விட்டுவிட மாட்டேன். நாலு கமலுக்கும் நடுவில் ஆள்மாறாட்டம் நடக்க வேண்டும்; எந்த நிமிஷத்தில் யாருக்கு எது தெரியும், யாருக்குத் தெரியாது என்பது பைசா சுத்தமாக டேலி ஆக வேண்டும். சிங்கீதம் சீனிவாச ராவும் கிரேஸி மோகனும் கமலும் டேலி ஆக்கியிருக்கிறார்கள். மலை விளிம்பில் வீடு சாய்கிற அந்தக் கடைசிக் கூத்து சாப்ளினின் 'கோல்ட் ரஷ்'ஷில் (1925) வாங்கிய கடன். வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உலகப் பட்டியல்களில் காமெடிப் படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அழுதால்தான் கலை என்று நமக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

சாப்பாடு முடிந்து வெளியே வந்தோம். சென்னைக்காரனுக்கு அந்த ஆகாசம் பழக்கமில்லை. இவ்வளவு இருட்டு இருப்பதால்தான் பக்கத்தில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தை வைத்தார்கள். 2.3 மீட்டர் தொலைநோக்கி, 1986-ல் ராஜீவ் காந்தி வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தது. அன்றைக்குச் சாயங்காலம் வெளியிலிருந்து கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். நான் விடுவேனா? மேலே காட்டி ஆரம்பித்தேன்.

"அதோ பளபளன்னு இருக்கே, சிரியஸ். ராத்திரி வானத்துலயே அதுதான் பிரகாசமான நட்சத்திரம். அதுக்கு மேல மூணு நட்சத்திரம் வரிசையா இருக்குல்ல, அதுக்கு அந்தாண்ட ரைகல். பார்க்க சிரியஸைவிட மங்கல். ஆனா ரைகல் சூரியனைப்போல பல்லாயிரம் மடங்கு. சிரியஸ் இருபத்தஞ்சு மடங்குதான். சிரியஸ் எட்டரை ஒளியாண்டு, பக்கத்து வீடு. அதான் அந்தப் பளபளப்பு. அதனால விஞ்ஞானிங்க எல்லா நட்சத்திரத்தையும் ஒரே தூரத்துல, 32.6 ஒளியாண்டுல நிறுத்தி வெச்சதா கற்பனை பண்ணிக் கணக்குப் போடுவாங்க. அப்பதான் யாரு நிஜமா பெரிய ஆளுன்னு தெரியும். உன் மீன் சீன் சிரியஸ்டா. உதிரிப்பூக்கள் ரைகல்."

எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அவன் கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்: "எனக்கு உதிரிப்பூக்கள்தான்டா பக்கத்துல."

யாரும் பேசவில்லை.

"உன் ரூம்ல வி.சி.டி. போட்டு எல்லாரும் பாத்தமே, நான் பாதியில எந்திரிச்சுப் போயிட்டேன். தலைவலின்னேன். எங்கப்பா ஸ்கூல் நடத்தல, அவ்ளோதான் வித்தியாசம். அவரும் சத்தம் போட மாட்டார். செருப்பை வாசல்ல கழட்டி வெக்கிற சத்தம் கேட்டா போதும், அம்மா மூஞ்சி மாறிடும். எப்படித்தான் அந்த டைரக்டருக்குத் தெரிஞ்சுதோ."

பத்து நிமிஷம் நான் முழங்கியதில் இல்லாத விமர்சனம் அந்தச் செருப்புச் சத்தத்தில் இருந்தது. படத்தை முழுசாகப் பார்க்கவே முடியாதவன்தான் எங்களில் அதைச் சரியாகப் பார்த்தவன். சத்தம் போடாத வில்லன் என்று நான் நடிப்புக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். அது வீட்டுக்கு வீடு இருக்கும் ஆள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முப்பது வருஷ சிநேகிதனின் வீட்டில் இருந்தார் என்று தெரியவும் இல்லை.

"அப்ப மைக்கேல்?" என்றான் ஆடிட்டர், மெதுவாக.

"1990 தீபாவளிக்கு வந்துச்சில்ல. அப்பா ஊர்ல இல்ல. அம்மா எங்க ரெண்டு பேரையும் மத்தியான ஆட்டத்துக்குக் கூட்டிட்டுப் போச்சு. அந்த மீன் சீன் வந்தப்ப அம்மா சிரிச்சுது. சத்தமா. முன்சீட்டுக்காரன் திரும்பிப் பாத்தான். அதுக்கு முன்னாடி அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்ல. படத்தைப் பாக்காம அம்மாவையே பாத்துட்டிருந்தேன். அதுக்கப்புறம் எத்தனையோ தடவை பாத்துட்டேன், அந்த இடம் வந்தா இன்னும் பக்கத்து சீட்டைத்தான் பாக்கறேன்."

என் ரியல், பர்சனல் கணக்கெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? 'உதிரிப்பூக்கள்' பெரிய படம்தான், அதில் ஒரு மாற்றமும் இல்லை. அவனும் அதை மறுக்கவில்லை. "பெஸ்ட்டு அதுதான்டா. ஆனா அதை எவன் திரும்பப் பாப்பான்?" என்றான். ஆனால் 32.6 ஒளியாண்டில் நிறுத்தி வைத்துப் பார்க்க எனக்கு முடிந்தது என்றால், அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. என் அப்பா வேறு மாதிரி ஆள். ராத்திரி வரும்போது பொட்டலத்தில் பக்கோடா வாங்கி வருவார். அந்தத் தூரத்தைத்தான் நான் இத்தனை நாள் ரசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குளிர் தாங்காமல் விடுதிக்காரர் கொண்டுவந்த டீயைக் குடித்தோம். பேங்க்காரன்தான் கேட்டான், "டேய், அந்த மீன் சீனைச் சொல்லுடா." அவன் மப்ளரைத் தோளில் துண்டாகப் போட்டுக்கொண்டு, டம்ளரைக் கரண்டியாகப் பிடித்துக்கொண்டு, பாலக்காட்டுத் தமிழில் ஆரம்பித்தான். அரைகுறைப் பாலக்காடுதான். காலி டம்ளர் எடுக்க வந்த விடுதிக்காரர் எடுக்காமல் நின்றுவிட்டார். முடிந்ததும், "சார், திருப்பி ஒருவாட்டி" என்றார்.