கிளீனர் இருக்கை: சீனன்குடாவிலும் நாமக்கல்லிலும் லொறிச் சாரதி உருவாகும் விதம்

திருகோணமலை உள்துறைமுகக் கரையில் இருக்கும் சீனன்குடா, இலங்கையின் பாரவண்டிப் போக்குவரத்தில் முக்கியமான புறப்பாட்டு இடம். பிரீமா மாவு ஆலை 1980 முதல் இங்கே இயங்குகிறது. அதே கரையில் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது. பிரித்தானியர் காலத்து எண்ணெய்க் குதங்களில் கீழ்ப்பகுதியை 2003 முதல் லங்கா ஐஓசி நிறுவனம் நடத்திவருகிறது. மாவு, சீமெந்து, எரிபொருள் என்ற மூன்று சரக்குகளும் கப்பலில் வந்த மூலப்பொருளிலிருந்து தயாராகியோ கப்பலில் வந்தபடியேயோ இந்தக் கரையில் சேர்ந்து, லொறியிலும் பவுசரிலும் நாடெங்கும் போகின்றன. ஏற்றும் சரக்குக்குத் தக்கபடி இங்கே ஓட்டுகிறவரின் தொழிலும் மாறுகிறது.

இந்தியப் பக்கத்தில் இதற்கு ஒப்பாக நிறுத்தத்தக்க ஊர் நாமக்கல். அங்கே துறைமுகமும் இல்லை, பெரிய ஆலையும் இல்லை. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், லாரி உரிமையாளர் சங்கங்களும், தென்னிந்தியா முழுவதும் சமையல் எரிவாயு கொண்டுபோகும் டேங்கர்களும் அந்த ஊரை வளர்த்தன. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை 3,700 கி.மீ.க்கு மேல் நீளும் தேசிய நெடுஞ்சாலை 44 அந்த ஊர் வழியாகவே செல்கிறது.

இரண்டு ஊர்களின் வேறுபாட்டுக்கும் அடிப்படை தூரம்தான். சீனன்குடாவிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 260 கி.மீ. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகப் பாரம் ஏற்றிய லொறி ஒரு பகலிலோ ஓர் இரவிலோ போய்ச் சேர்ந்துவிடும். யாழ்ப்பாணத்துக்கு ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாகப் போவதும் ஒரு நாள் ஓட்டந்தான். 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்துக்கான சரக்கு திருகோணமலையிலிருந்து கப்பலில் போனது. வீதி திறந்ததும் வடக்கு ஓட்டம் மீண்டும் லொறிக்காரர் கைக்கு வந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் மூதூர் வழியாக மட்டக்களப்புக்குப் போகிறவர்களும் கிண்ணியாவில் பாதைப்படகுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நாமக்கல் லாரியோ குஜராத்துக்கோ பஞ்சாபுக்கோ அசாமுக்கோ போய்த் திரும்ப இரண்டு மூன்று வாரம் ஆகும். அங்கே போய் இறக்கியதும் ரிட்டன் லோடு கிடைக்காவிட்டால் புக்கிங் ஆபீஸ் வாசலில் நாட்கணக்கில் கிடக்கவும் நேரும்.

ஆகவே சீனன்குடாச் சாரதியின் களைப்பு ஒரு வகை, நாமக்கல் ஓட்டுநரின் களைப்பு வேறு வகை. சீனன்குடாவில் வண்டி ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் பெரும்பாடு. வாசலில் வரிசை, எடைமேடை, ஏற்றுமுறைக்கான காத்திருப்பு எல்லாம் முடிந்து வண்டி வெளியே வரும்போது மாலையாகியிருக்கும். காத்திருந்தே உடம்பு அலுத்துப்போன ஆள் அதற்குப் பிறகுதான் இரவு ஓட்டத்தைத் தொடங்குகிறார். கொழும்பில் பகலில் இறக்கிவிட்டு அன்றைக்கே திரும்பினால் அடுத்த நடை கிடைக்கும் என்ற எண்ணம் தூக்கத்தைத் தள்ளிப்போட வைக்கிறது. வீடு கிட்ட இருப்பதே ஓய்வைக் கெடுக்கிறது என்றுகூடச் சொல்லலாம். சாப்பாடு பெரும்பாலும் ஹபரணையிலோ தம்புள்ளையிலோ கடைச் சோற்றுப் பார்சல், பிளேன்டீ, வெற்றிலை.

நாமக்கல் லாரியில் அடுப்பும் அரிசியும் குழம்புத்தூளும் கூடவே போகின்றன. வடக்கே ரொட்டியும் பருப்பும் ஒத்துக்கொள்ளாத ஓட்டுநர்கள் வண்டி நிழலில் சோறு வடிப்பது வழக்கம். 2017 ஜூலையில் சரக்கு-சேவை வரி வந்தபின் மாநில எல்லைச் சோதனைச்சாவடிகளின் வரிசை குறைந்தது. 2021 பிப்ரவரியில், சுங்கக் கட்டணம் தானாகக் கழியும் ஃபாஸ்டேக் கட்டாயமானபின் சுங்கச்சாவடி நிறுத்தமும் சுருங்கியது. வழியில் மிச்சமான அந்த நேரம் ஓட்டுநரின் தூக்கத்துக்குப் போய்ச் சேரவில்லை. சேவ்லைஃப் அறக்கட்டளை 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்திய லாரி ஓட்டுநர் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 12 மணி நேரம் ஓட்டுகிறார்; களைப்பிலும் தூக்கக் கலக்கத்திலும் ஓட்டியதாக ஏறக்குறையப் பாதிப்பேர் ஒப்புக்கொண்டார்கள். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்து அறுபது ஆண்டுக்கு மேலாகிவிட்டது.

புதியவர் தொழில் பழகும் இடம் இரு நாட்டிலும் ஒன்றே: சாரதிக்குப் பக்கத்திலுள்ள கிளீனர் இருக்கை. சீனன்குடாவில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வண்டியில் ஏறுவதால் கிளீனர் பையனைத் ‘தம்பி’ என்றோ ‘மல்லி’ என்றோ அழைப்பது சாரதியின் தாய்மொழியைப் பொறுத்தது. நாமக்கல் கிளீனருக்கு ஓட்டுநர் ‘அண்ணே’.

முதல் பாடம் ஸ்டியரிங்கில் தொடங்குவதில்லை, தறப்பாளில் தொடங்குகிறது. மாவும் சீமெந்தும் நனைந்தால் ஏற்றிய பாரம் முழுவதும் வீண். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் கந்தளாய்ப் பக்கம் காற்றோடு அடிக்கும் மழை, பின்பக்க மடிப்பில் சிறு வாய் இருந்தாலும் உள்ளே புகுந்துவிடும். அதனால் பின்மடிப்பை முதலில் போட்டு, முன்மடிப்பு அதன்மேல் படியும்படி விரிக்க வேண்டும். ஓடும்போது முன்னிருந்து வரும் காற்று மடிப்பைத் திறக்காமல் அழுத்தி மூடும். கயிற்றைக் கொக்கிக்குக் கொக்கி குறுக்காக இழுத்து, இழுத்தால் இறுகி ஒரு முனையை உருவினால் அவிழும் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு தளர்ந்தால் சாரதி பையனைத் திட்டுவார், ஆனால் தானே ஏறி மறுபடி கட்டிக்காட்டுவார். இப்படிக் கட்டப் பழகியவனுக்குப் பாரம் எங்கே கனக்கிறது, எந்த வளைவில் எந்தப் பக்கம் சாயும் என்பது கைக்குத் தெரிந்துவிடுகிறது.

பிறகு டயரைத் தட்டி ஒலி கேட்பது, காற்றுத்தாங்கியில் தேங்கிய தண்ணீரை வெளியேற்றுவது, பின்னுக்கு எடுக்கும்போது கண்ணாடியில் தெரியும் இடத்தில் நின்று கைகாட்டுவது. மாதங்கள் போனபின் வெறும் வண்டியை முற்றத்துக்குள் நகர்த்தக் கொடுப்பார்கள். வீதியில் ஓட்டப் பழகுபவர் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது சட்டம். ஆளில்லாத நேரத்தில் அது மீறப்படுவதும் உண்டு. இரு நாட்டிலும் இந்த முறையின் பெரிய குறை இதுதான்: ஆசிரியரின் நல்ல பழக்கத்தோடு கெட்ட பழக்கமும் மாணவனுக்கு இறங்கிவிடுகிறது.

சட்டத்தின் கணக்கு வேறு. இலங்கையில் முதலில் இலகுரக வாகன அனுமதிப்பத்திரம் எடுத்து, காலம் கழித்தே கனரகத்துக்கு விண்ணப்பிக்கலாம். கனரக அனுமதிப்பத்திரத்தை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சான்றிதழுடன் புதுப்பிக்க வேண்டும். இலகுரகத்துக்கு அந்தக் காலம் எட்டு ஆண்டு. இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி போக்குவரத்து வாகனம் ஓட்ட வயது 20. இலகுரக உரிமம் பெற்று ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்ற விதி 2019இல் நீக்கப்பட்டது. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட பல கிளீனர்களுக்கு அது வழிதிறந்த முடிவு. படிப்புச் சான்றிதழைத் தளர்த்தியதற்கு ஈடாகப் பயிற்சியைக் கூட்டினார்கள் என்பதுதான் அதில் பாராட்ட வேண்டியது. 2021 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மைய விதிகளின்படி நடுத்தர, கனரக வாகனப் பயிற்சி ஆறு வாரத்தில் 38 மணி நேரம். அதற்கு முன்பே, 1995இல், அசோக் லேலண்ட் நாமக்கல்லில் ஓட்டுநர் பயிற்சி நிறுவனம் அமைத்தது. கும்மிடிப்பூண்டியிலும் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. திருகோணமலைப் பக்கத்துப் பையனுக்குச் சாரதிப் பயிற்சிப் பாடசாலைகள் உண்டு. அங்கே கிடைப்பது பெரும்பாலும் பரீட்சையில் தேறுவதற்கான பழக்கம். இருபது தொன் பாரத்தோடு மலை இறங்கும் பழக்கம் அங்கே வராது.

மலை இறக்கம் இருவருக்கும் பொதுவான பெரிய ஆபத்து. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் பழக்கம் பல உயிர்களைக் குடித்திருக்கிறது. நியூட்ரலில் விட்டால் எஞ்சினின் பிடிப்பு போய்விடும், முழுப் பாரத்தையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். டிரம் சூடேறினால் மிதித்தும் பிடிக்காது. 2020 டிசம்பரில் அங்கே கட்டுப்பாடிழந்த ஒரு லாரி பல கார்களில் மோதி நான்கு பேர் இறந்தார்கள். நுவரெலியாவிலிருந்து இறங்கும் இலங்கை லொறிக்கு றம்பொடை வளைவுகள் அதே சோதனை. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது இரு நாட்டுக் கிளீனரும் கேட்டு வளரும் பாடம். நாமக்கல் பயிற்சி நிறுவனம் அதற்குக் காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. காரணம் தெரிந்தவன் தனியாக ஓட்டும்போதும் அதை விடமாட்டான்.

சீனன்குடாச் சாரதிக்குச் சிறப்பாக உரிய பாடம் யானை. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் அந்தி முதல் விடியும்வரை யானை வீதி கடக்கும். வழியில் போகிறவர்கள் பழம் கொடுத்துப் பழக்கியதால் வாகனத்தை எதிர்பார்த்து ஓரத்தில் நிற்கும் யானைகளும் உண்டு. வெளிச்சத்தைத் தாழ்த்தி, ஹோன் அடிக்காமல், எஞ்சினை நிறுத்தாமல், தள்ளி நின்று காத்திருக்க வேண்டும். ஒரு யானை கடந்துபோனதும் உடனே வண்டியை எடுக்கக்கூடாது, பின்னால் குட்டி வரலாம். எந்த நாட்டுப் பரீட்சைத் தாளிலும் இது வராது. அனுபவசாலியின் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் வரும்.

எரிபொருள் பவுசர்தான் இந்த ஒப்பீட்டின் கூர்மையான பகுதி. லங்கா ஐஓசி இந்தியன் ஆயில் நிறுவனத்தின் துணை நிறுவனம். ஆகவே பாக்குநீரிணையின் இரு பக்கமும் ஒரே குடும்பத்து எண்ணெய்யை ஏற்றுகிறார்கள். நில இணைப்புக் கம்பியை மாட்டாமல் ஏற்றக்கூடாது, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும், புகைக்குழாயில் பொறித்தடுப்பான் இருக்க வேண்டும், பற்றரி மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பன இரு பக்கத்துக்கும் பொது. தொட்டியைப் பல அறைகளாகப் பிரிப்பதும் அப்படியே. அரைகுறையாக நிரம்பிய அறையில் எண்ணெய் அலைபாய்ந்து வளைவில் வண்டியைக் கவிழ்க்கும் என்பதால், எந்த அறையை முதலில் இறக்குவது என்பதும் சாரதி கற்க வேண்டிய ஒன்று. இந்தியாவில் இத்தகைய சரக்கு ஓட்டுபவர் மூன்றுநாள் பயிற்சி பெற்று உரிமத்தில் தனிக்குறிப்பு வாங்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன.

கிளீனர் இருக்கை இந்தியாவில் காலியாகிவருகிறது. தேசிய அனுமதி லாரியில் இரண்டு ஓட்டுநர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் 2018இல் தளர்த்தப்பட்டது. டீசலும் சுங்கமும் ஏறியதால் கிளீனர் சம்பளத்தை உரிமையாளர்கள் மிச்சம் பிடிக்கிறார்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிரூட்டி கட்டாயம் என்பது நல்ல செய்தி. ஆனால் அந்தக் குளிர்ந்த அறையில் பக்கத்து இருக்கையில் பழகுவதற்கு ஆள் இல்லை என்றால், 38 மணி நேரப் பயிற்சி முடித்த இளைஞர் மீதியைச் சாலையில் தனியாகத்தான் கற்கப்போகிறார்.

இலங்கைக்கு இன்னும் அந்த இருக்கை இருக்கிறது, கூட வேண்டியது பள்ளிக்கூடம். மாவும் சீமெந்தும் எரிபொருளும் ஒரே கரையில் ஏறும் சீனன்குடாவைவிட அதற்குப் பொருத்தமான இடம் நாட்டில் இல்லை. கிளீனராக இருந்த காலத்தை எழுத்தில் பதிந்து, அதைப் பயிற்சியாகக் கணக்கில் எடுத்து, அதன்மேல் ஆறு வாரப் பாடத்தை வைத்தால் போதும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமும் அங்கே சரக்கு ஏற்றும் நிறுவனங்களும் சேர்ந்து இதைத் தொடங்க வேண்டும்.