லிம் செங் ஹோவின் நீர்வண்ண ஓவியங்களில் நிலமும் பொழுதும்

முன்னுரை

படைப்பாளிக்கு உந்துதல் எங்கிருந்து பிறக்கிறது என்னும் வினா இலக்கியத் திறனாய்விற்கு மட்டும் உரியதன்று. ஓவியத்தின்முன் நிற்பவர்க்கும் அவ்வினா எழுகின்றது. சிங்கப்பூரின் முன்னோடி நீர்வண்ண ஓவியர்களுள் ஒருவரான லிம் செங் ஹோவின் (1912-1979) ஆற்றங்கரைக் காட்சிகளையும் கம்பத்து வீடுகளையும் காண்போர், அவற்றை 'மறைந்துபோன பழைய சிங்கப்பூரின் பதிவுகள்' என்றே பெரும்பாலும் போற்றுகின்றனர். இப்பாராட்டு நல்லெண்ணத்தில் பிறப்பதே. ஆயினும் அவ்வோவியங்கள் உருவான மூலத்தை அது மறைத்துவிடுகின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஓவியரும் சூழலும்

சீனாவின் அமோய் நகரில் பிறந்த லிம், சிறுவயதிலேயே சிங்கப்பூருக்கு வந்தவர். ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் ரிச்சர்ட் வாக்கர் நடத்திய ஓவிய வகுப்பில் பயின்றார். அதற்குமேல் அவர் பெற்ற தேர்ச்சியெல்லாம் தாமே முயன்று பெற்றதாகும். ஓவியம் அவருக்குப் பிழைப்பாக அமையவில்லை. பல்லாண்டுகள் எழுத்தர் பணியில் இருந்துகொண்டே, ஓய்வு நாள்களில் தாளும் தூரிகையுமாக வெளியிடங்களுக்குச் சென்று வரைந்தார். 1969இல் சிங்கப்பூர் நீர்வண்ண ஓவியர் சங்கம் தோன்றியபோது அதனை நிறுவியோருள் அவரும் ஒருவர்.

அவர்காலத்து ஓவியர் பிறரோடு ஒப்பிட்டு நோக்குவது இங்குப் பயன் தரும். லியூ காங், சென் சோங் சுவீ, சென் வென் சீ, சியோங் சூ பியெங் ஆகிய நால்வரும் 1952இல் பாலித் தீவுக்கு மேற்கொண்ட பயணம் நன்யாங் ஓவிய மரபின் திருப்புமுனையாகக் கருதப்படுகின்றது. அவர்கள் புதிய நிலத்தைத் தேடிச் சென்றனர். லிம்மோ அறிந்த நிலத்திற்கே மீண்டும் மீண்டும் சென்றார். அவர் கண்ட புதுமை நிலத்தில் இல்லையெனில், அது வேறெங்கோ இருந்திருத்தல் வேண்டும்.

கருப்பொருளா, முதற்பொருளா?

இவ்விடத்தில் தொல்காப்பியர் வகுத்த பாகுபாடு நமக்குக் கைகொடுக்கின்றது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் தோன்றும் உயிர்களும் பொருள்களும் தொழில்களும் கருப்பொருள். லிம் திணைக்கோட்பாட்டை அறிந்திருந்தார் என்பது இதன் பொருளன்று. நாம் பார்க்கும் முறையைச் செம்மைப்படுத்திக்கொள்ள அது ஒரு கருவியாகும்.

தொங்கான் படகு, கிடங்கு, அத்தாப்புக் கூரை ஆகியவை கருப்பொருள்கள். பதிவு என்று போற்றுவோர் இவற்றையே காண்கின்றனர். ஆனால் ஓவியங்களைக் கூர்ந்து நோக்கின், படகின் கட்டமைப்பு பல இடங்களில் ஓரிரு தீற்றல்களில் முடிந்துவிடுவதும், அதன் நிழல் நீரில் விழும் இடத்தில் தூரிகை மிகுந்த கவனத்தோடு இயங்குவதும் புலனாகும். படகை ஆவணப்படுத்த விரும்பியவர் இவ்வாறு வரைந்திருக்கமாட்டார். அவர் நாடியது பொழுது. நிலநடுக்கோட்டை அடுத்த சிங்கப்பூரில் சூரியன் உதிக்கும் நேரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ அரை மணி நேரமே வேறுபடும். இங்குப் பெரும்பொழுதின் மாற்றம் குறைவு. சிறுபொழுதின் மாற்றமே மிகுதி. காலை ஒளி, மழைக்கு முந்திய மங்கல், மழை ஓய்ந்தபின் கரையில் தேங்கும் மினுக்கம் ஆகியவையே ஒரே ஆற்றை வெவ்வேறு ஆறுகளாக்கின. மீண்டும் மீண்டும் அங்கே செல்வதற்கு இதுவே போதிய காரணமாகும்.

நீரும் நேரமும்

இந்நாட்டத்திற்கு நீர்வண்ணம் பொருந்திய ஊடகமானது தற்செயலன்று. எண்ணெய் வண்ணத்தில் வெண்மையைப் பின்னர் மேலே பூசலாம். ஒளி ஊடுருவும் நீர்வண்ணத்தில் தாளின் வெண்மையே ஒளி. அதனைத் தொடக்கத்திலேயே விட்டுவைத்தல் வேண்டும். வெளிர் நிறங்கள் முதலிலும் அடர் நிறங்கள் இறுதியிலும் இடப்பெறும். ஆகவே முதல் தீற்றலுக்கு முன்பே ஓவியர் முழு ஓவியத்தையும் மனத்தில் கண்டிருத்தல் இன்றியமையாதது. பிழை நேரின் திருத்துவது அரிது.

இங்குள்ள காற்றின் ஈரப்பதமும் கருதத்தக்கது. ஆண்டுச் சராசரி 80 விழுக்காட்டிற்கு மேற்பட்ட ஈரப்பதத்தில் வண்ணம் விரைவில் உலர்வதில்லை. ஒரு பூச்சு காயுமுன் அடுத்ததை இட்டால் இரண்டும் கலந்து விளிம்பு கரையும். காயக் காத்திருந்தால் ஒளி மாறிவிடும். எங்கே காத்திருப்பது, எங்கே கரையவிடுவது என்னும் முடிவே இங்குப் படைப்பாற்றலாகின்றது. லிம்மின் வானும் நீரும் ஒன்றில் ஒன்று கரைவதையும் படகின் விளிம்பு மட்டும் கூர்மையாக நிற்பதையும் இந்த முடிவுகளின் விளைவாகக் கொள்ளலாம். உந்துதல் என்பது திடீரென வந்து இறங்கும் அருளன்று. ஓய்வு நாள்தோறும் பழகிய கண்ணும் கையும் ஒருசேர விரைந்து முடிவெடுக்கும் நிலையே அது எனலாம்.

ஏக்கம் யாருடையது?

இனி ஆண்டுகளை நோக்குவோம். சிங்கப்பூர் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணி 1977இல் தொடங்கி 1987இல் நிறைவுற்றது. சரக்குப் படகுகள் 1983இல் ஆற்றைவிட்டு அகற்றப்பட்டன. லிம் மறைந்தது 1979இல். அவர் வரைந்த நாள்களில் தொங்கான்கள் நினைவுச் சின்னங்களல்ல. அன்றாடம் சரக்கேற்றிய படகுகள். மறைந்ததற்கு ஏங்கும் உணர்வு நம்முடையது. அதனை அவருடைய உரிப்பொருளாக ஏற்றிச் சொல்வது பிழை. 2018இல் சிங்கப்பூர்த் தேசியக் கலைக்கூடம் அவருக்கெனக் கண்காட்சி நடத்தியபோது, அந்த ஆறு முற்றிலும் மாறிவிட்டிருந்தது. ஓவியம் மாறவில்லை, பார்ப்பவர் நிற்கும் இடம் மாறிவிட்டது.

இவ்வோவியங்கள் வரலாற்றாசிரியர்க்குச் சான்றாகா என்பது நம் வாதமன்று. சான்றாவது அவற்றின் பயன்களுள் ஒன்று. அவை பிறந்த காரணம் அதுவன்று.

முடிவுரை

இது ஓவியத்தோடு நிற்கும் செய்தியன்று. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதைகளை வகுப்பறையில் கற்பிக்கும்போது நாமும் 'அக்காலத் தோட்ட வாழ்வைக் காட்டுகிறது' என்று எழுதி முடித்துவிடுகிறோம். தோட்டம் கருப்பொருள், ஆசிரியர் எந்தப் பொழுதை நாடி, எதைச் சொல்லாது விட்டு, எங்கே விரைந்து, எங்கே காத்திருந்து அக்கதையை அமைத்தார் என்று கேட்கத் தவறுகிறோம். அவ்வாறு கேட்கப்படாத படைப்பு, ஆவணம் பழையதாகும்போது தானும் பழையதாகிவிடும். தாளில் விட்டுவைத்த வெண்மையையும் காணக் கற்பிப்பதே திறனாய்வாளர் கடமையும் ஆசிரியர் கடமையும் ஆகும்.