எந்த நூல்? எவர் கையில்?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு தாய் தம் ஒரே மகனை விபத்தில் பறிகொடுத்தார். அடக்கம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஆறுதல் சொல்ல வார்த்தை வராத நான், துன்பத்தின் பொருளை மறைநூல் வழிநின்று விளக்கும் நூலொன்றை அவர் கையில் கொடுத்து வந்தேன். தெளிந்த நடையும் திருந்திய கருத்தும் உடைய நூல் அது. நானே இருமுறை படித்து மகிழ்ந்தது. ஒரு மாதம் கழித்து அவர் அதைத் திருப்பித் தந்தார். “எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு அண்ணா. ஆனா இதை எழுதினவரு வீட்டுல யாரும் சாகல போலிருக்கு” என்றார்.

அந்த நூலாசிரியர்மீது குறையில்லை. மறைக்கல்வி வகுப்பில் அமர்ந்து, ‘அன்பே உருவான இறைவன் துன்பத்தை ஏன் அனுமதிக்கிறார்?’ என்று கேட்கும் மாணவனுக்காக அவர் எழுதினார். அந்த நூலைக் கண்ணீர் காயாத ஒரு தாயின் கையில் சேர்த்தவன் நான். நூலை நன்கறிந்திருந்த நான் வாசகரை அறிந்திருக்கவில்லை. கிறிஸ்தவ நூல்களைப் பற்றி எழுதும்போதெல்லாம், ‘இது நல்ல நூலா?’ என்பதோடு நம் ஆய்வு நின்றுவிடுகிறது. ‘எவருக்கு நல்ல நூல்?’ என்னும் கேள்வியை அதோடு சேர்த்தே எழுப்ப வேண்டும் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

ஒரு காலத்தில் நம் திருச்சபையில் வேறொரு கேள்வி முன்னின்றது. எதைப் படிக்கக் கூடாது என்பதே அது. 1559-ஆம் ஆண்டு உரோமையில் வெளியான விலக்கப்பட்ட நூல்களின் பட்டியல், நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் திருத்தப்பட்டும் விரிக்கப்பட்டும் வந்து, 1966-இல் சட்ட வலிமையை இழந்தது. பட்டியல் போனபின் பொறுப்பு நம்மிடம் வந்தது. பங்கு நூலகத்திற்கு நூல் வாங்குபவர், புதுநன்மை பெறும் சிறுவனுக்குப் பரிசு தேடும் ஞானத்தந்தை, நோயாளியைச் சந்திக்கச் செல்லும் அன்பியத் தலைவி ஆகிய அனைவரும் இன்று நூல் தேர்வாளர்களே. ஆயினும் நம்மில் பலர் அட்டையின் அழகையோ, ஆசிரியரின் புகழையோ, நமக்கு அந்நூல் தந்த இன்பத்தையோ அளவுகோலாக்கி அமைதி கொள்கிறோம்.

நற்செய்தியாளர்கள் அவ்வாறு செய்யவில்லை. கை கழுவாமல் உண்ணுவது பற்றிய வாக்குவாதத்தை மத்தேயுவும் மாற்கும் எழுதியுள்ளனர். மாற்கு இடையில் நின்று, யூதர்கள் எப்படிக் கழுவுவார்கள், எவற்றையெல்லாம் கழுவுவார்கள் என்று விளக்கம் தருகிறார். மத்தேயு அவ்விளக்கம் ஏதுமின்றிக் கடந்து செல்கிறார். மாற்கின் வாசகர்களுக்கு அவ்வழக்கம் புதிது. மத்தேயுவின் வாசகர்களுக்கோ அது வீட்டுப் பழக்கம். லூக்கா, தியோபில் என்னும் ஒருவரை முன்னிறுத்தியே தம் நூலைத் தொடங்குகிறார். நற்செய்தி ஒன்றே, அதை ஏந்திய ஏடுகளோ நான்கு.

நம் மண்ணில் இதனை நன்குணர்ந்தவர் வீரமாமுனிவர். புலவர் அவைக்காகப் புனித வளனைத் தலைவராக்கி, 3615 பாடல்களில் ‘தேம்பாவணி’யைப் பாடினார். ஊர் ஊராகச் சென்று மறையை எடுத்துரைத்த வேதியர்களுக்காக உரைநடையில் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். பேச்சுத் தமிழைக் கற்க வந்த ஐரோப்பியருக்குப் பயன்படும்படி, சிரிக்க வைக்கும் ‘பரமார்த்த குரு கதை’யைத் தந்தார். தேம்பாவணியின் பெருமையை மேடைதோறும் பேசும் நாம், அதை எழுதிய கை பரமார்த்த குருவையும் எழுதியது என்பதை மறந்துவிடுகிறோம். எளிய வாசகருக்காக இறங்கி எழுதியதை அப்பெரும் புலவர் தமக்கு இழுக்காகக் கருதவில்லை.

துயருற்றோருக்கான நூலைப் பற்றி எண்ணும்போது, ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த சி. எஸ். லூயிஸ் எழுதிய இரு நூல்கள் நினைவுக்கு வருகின்றன. 1940-இல் துன்பம் என்னும் சிக்கலை அறிவின் துணைகொண்டு ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். கேள்விகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக அவிழ்த்துச் செல்லும் நூல் அது. இருபது ஆண்டுகள் கழித்து, 1960-இல், அவருடைய மனைவி ஜாய் புற்றுநோயால் இறந்தார். அப்போது அவர் எழுதி வைத்த குறிப்புகள் 1961-இல் புனைபெயரில் வெளிவந்தன. அங்கே வரிசையும் இல்லை, தீர்வும் இல்லை. கடவுள் நல்லவர்தாமா என்று கேட்கவும் அவர் துணிகிறார். பிறகு தம் கேள்வியையே திருப்பிப் பார்க்கிறார். மெல்ல மெல்ல அமைதியை நோக்கி நகர்கிறார். எழுதியவர் ஒருவர், பொருளும் ஒன்று. முதல் நூல் சிந்திப்பவனுக்கு உரியது. இரண்டாவது அழுபவனுக்கு உரியது. இரண்டில் எது சிறந்தது என்று திறனாய்வாளர் வாதிடலாம். வீட்டில் சாவு விழுந்தவரிடம் முதலாவதைக் கொடுப்பதோ, தேர்வுக்குப் படிப்பவரிடம் இரண்டாவதைக் கொடுப்பதோ அவ்விரு நூல்களுக்கும் நாம் இழைக்கும் அநீதியாகும்.

இளம் இல்லறத்தாருக்கு நாம் அடிக்கடி பரிசளிக்கும் நூல் தாமஸ் கெம்பிசின் ‘கிறிஸ்துநாதர் அநுசாரம்’. பதினைந்தாம் நூற்றாண்டு முதல் எண்ணற்ற உள்ளங்களை உருவாக்கிய நூல் அது. கிறிஸ்தவர் அல்லாத சுவாமி விவேகானந்தரும் அதில் ஈடுபட்டு, அதன் சில பகுதிகளை வங்க மொழியில் பெயர்த்தார். வேற்றுச் சமய நண்பருக்குத் தர்க்க நூலைக் கொடுக்க நினைப்போர் இதனை எண்ணிப் பார்ப்பது நல்லது. ஆயினும் அந்நூல் துறவற இல்லத்தின் சுவர்களுக்குள் பிறந்தது. தனிமையையும் மௌனத்தையும் அது போற்றுகிறது. மனிதரோடு அளவளாவுவதைக் குறைக்கச் சொல்கிறது. இடுப்பில் ஒரு குழந்தையும் அடுப்பில் ஒரு பானையுமாக நிற்கும் பெண் இதைப் படித்தால், தம் வாழ்வு புனிதத்திற்கு இடையூறு என்றே எண்ணக்கூடும். எதிலும் பாவம் காணும் அச்சமுள்ள மனத்தையோ அது மேலும் நெருக்கிவிடும்.

அத்தகையோருக்குப் புனித பிரான்சிஸ் சலேசியார் 1609-இல் வெளியிட்ட பக்தி வாழ்வு அறிமுக நூல் பொருத்தமானது. உலகில் வாழும் இல்லறத்தாரை மனத்தில் கொண்டு, பிலோத்தேயா என்னும் பெயரால் வாசகரை விளித்து அவர் எழுதுகிறார். ஆயருக்குரிய பக்தி வேறு, கைவினைஞருக்குரிய பக்தி வேறு, மணமான பெண்ணுக்குரிய பக்தி வேறு என்பது அந்நூலின் அடிப்படைக் கருத்து. நடை சற்றே நீண்டது. உவமைகள் அந்தக் காலத்தவை. இக்குறைகளைப் பொறுத்துக்கொண்டால், தம் வீடே இறைவனைக் காணும் இடம் என்று அப்பெண் உணர்வார்.

இளைஞருக்கு நாம் கொடுக்கும் புனிதர் வரலாறுகளில் பெரும்பாலானவை பிறவியிலேயே குறையற்றவர்களைக் காட்டுகின்றன. பத்து வயதுச் சிறுவன் வியப்பான். பதினெட்டு வயது இளைஞன் மூடி வைத்துவிடுவான். புனித குழந்தை தெரசாளின் தன்வரலாற்றுக்கும் இந்நிலை நேர்ந்ததுண்டு. அவர் 1897-இல் தம் 24-ஆம் வயதில் இறந்தார். மறு ஆண்டு வெளிவந்த நூலை, அவருடைய உடன்பிறந்தவரான ஆக்னஸ் அன்னை பல இடங்களில் திருத்தியிருந்தார். தெரசாள் எழுதியது எழுதியவாறே 1956-இல்தான் வெளியுலகுக்குக் கிடைத்தது. தம் இறுதிக் காலத்தில் நம்பிக்கையின் வானம் இருண்டுபோனதை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ரோசா மலர்களை ஏந்திய படத்தோடு நிறுத்தாமல் அந்தப் பக்கங்களையும் சேர்த்துக் கொடுத்தால், ஐயத்தில் தவிக்கும் இளைஞன் அவரிடத்தில் ஒரு தங்கையைக் காண்பான். புனித அகுஸ்தினார் தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிடும் நூலும் அவனுக்கு ஏற்றது. ஆனால் முதல் ஒன்பது பகுதிகளைப் படிக்கச் சொல்லுங்கள். நினைவு, காலம், படைப்பு பற்றிய எஞ்சிய நான்கு பகுதிகள் பிறகு வரட்டும். பதின்மூன்றையும் ஒரே மூச்சில் படிக்க வைத்து ஒரு நல்ல நண்பரை அவனிடமிருந்து பிரித்துவிட வேண்டாம்.

திருப்பணியாளர் ஒருவரின் குறையைக் கண்டு ஆலயத்திற்கு வருவதையே நிறுத்திவிட்டவர்களுக்கு எதைக் கொடுப்பது? நாம் தயங்கும் ஒரு நூலை நான் பரிந்துரைப்பேன். கிரகாம் கிரீன் 1940-இல் வெளியிட்ட ‘வல்லமையும் மாட்சியும்’ என்னும் ஆங்கிலப் புதினம் அது. மெக்சிகோவில் திருச்சபை துன்புறுத்தப்பட்ட காலத்தில், குடிக்கு அடிமையாகி வாக்குத்தவறிய குரு ஒருவர் அருளடையாளங்களைச் சுமந்து அலைவதே அதன் கதை. 1950-களில் உரோமையிலிருந்தே அதற்கு மறுப்பு எழுந்தது. 1965-இல் தம்மைச் சந்தித்த திருத்தந்தை ஆறாம் பவுல் அதைப் படித்திருந்ததாகக் கிரீன் பதிவு செய்துள்ளார். இந்நூலை எல்லார் கையிலும் கொடுக்க முடியாது. சிறுவருக்கு இது ஆகாது. மண்பாண்டத்தைக் கண்டு அதனுள் இருக்கும் செல்வத்தையே வெறுத்தவருக்கோ இது மருந்தாகலாம்.

இத்தனையும் சொன்னபின், தேர்வுக்கு விதி உண்டா என்று கேட்கலாம். பட்டியல் ஒன்றைத் தயாரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணினால், பழைய பட்டியலின் இடத்தில் புதியதொன்றை வைத்தவர்களாவோம். விதி ஒன்றே: கொடுப்பதற்குமுன் கேட்க வேண்டும். அவர் இப்போது எதை இழந்து நிற்கிறார்? எதைத் தேடுகிறார்? எவ்வளவு நேரம் படிக்க இயலும்? இவற்றை அறியச் சற்று நேரம் அவரோடு அமர வேண்டும். யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர், ஒரு வார்த்தையும் பேசாமல். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தனர். விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் தவறினர். நான் அந்த ஏழு நாள்களைத் தாண்டிக் குதித்து நேரே விளக்கத்திற்குப் போனவன்.

பின்பு ஒரு மாலை அந்தத் தாயின் வீட்டுத் திண்ணையில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். மகனின் சட்டைகளை எவருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் மடித்து வைத்திருப்பதாகச் சொன்னார். நான் ஒன்றும் பேசவில்லை. எழும்போது, கையடக்கமான திருப்பாடல்கள் நூலை அங்கே வைத்துவிட்டு வந்தேன். 88-ஆம் திருப்பாடல் உள்ள பக்கத்தில் ஒரு நூலிழையை அடையாளமாக இட்டிருந்தேன். புலம்பலாய்த் தொடங்கும் மற்றத் திருப்பாடல்கள் பெரும்பாலும் புகழ்ச்சியிலோ நம்பிக்கையிலோ முடிகின்றன. இந்த ஒன்றோ இருளிலேயே முடிகிறது. அப்படியொரு மன்றாட்டையும் இறைவாக்கின் ஏட்டில் சேர்த்து வைத்த திருச்சபை, அழுகிறவர்களை அறிந்த திருச்சபை அல்லவா?

அந்தச் சிறு நூலை அவர் இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.