உப்பு எங்கே இருக்கு?

ஜேன் வார்டில் குழுவினர் 2004-ல் வெளியிட்ட கட்டுரையை இந்த வாரம் மறுபடி எடுத்துப் படிச்சேன். 23 நாடுகள், 19,298 பல்கலைக்கழக மாணவர்கள். கொழுப்பைத் தவிர்ப்பது, பழம், நார்ச்சத்து, உப்பைக் குறைப்பது என்று நாலிலுமே, ஏறக்குறைய எல்லா நாட்டிலும், ஆண்களைவிடப் பெண்கள் ஒரு படி மேலே. அந்த வித்தியாசத்தில் சுமார் 40 சதவீதத்தை 'இது உடம்புக்கு முக்கியம்' என்கிற நம்பிக்கை விளக்குகிறதாம். டயட்டில் இருப்பதன் பங்கு கொழுப்பில் சுமார் 22 சதவீதம், உப்பில் ஒன்றுமே இல்லை.

ஒரே நாட்டு ஆணையும் பெண்ணையும் ஒப்பிடுவது இதன் பலம். கேள்வி ஒன்று, மொழி ஒன்று, கேன்டீனும் ஏறக்குறைய ஒன்றுதான். (கொழுப்பைத் தவிர்க்கிறேன்னு சொல்லிக்க வேண்டிய நெருக்கடி பெண்களுக்கு அதிகம் என்பது வேறு விஷயம். அது எந்த வினாத்தாளிலும் வரும்.) நம்பிக்கை முதலா, பழக்கம் முதலா என்பதும் தெரியாது, இரண்டையும் ஒரே நாளில்தான் கேட்டார்கள். தினமும் பழம் தின்கிறவர் 'பழம் முக்கியம்'னு சொல்லத்தானே செய்வார்?

சிக்கல், இத்தகைய எண்களை வைத்து நாடுகளை வரிசைப்படுத்தும்போது. உப்புக்கு வழக்கமாகக் கேட்கிற கேள்வி, 'சாப்பாட்டில் எவ்வளவு அடிக்கடி உப்பு சேர்ப்பீர்கள்?' இங்கிலாந்தில் இதற்கு அர்த்தம் உண்டு, மேசையிலேயே உப்புக் குப்பி இருக்கும். தாய்லாந்தில் உப்பு வருவது மீன் சாஸில், ஜப்பானில் சோயா சாஸிலும் மிசோவிலும். ஒரு மேசைக்கரண்டி மீன் சாஸில் சுமார் 1,400 மில்லிகிராம் சோடியம், அதாவது மூன்றரை கிராம் உப்பு. நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உப்புக் குப்பியைத் தொடாத பாங்காக் மாணவர் 'ஒருபோதும் இல்லை' என்று உண்மையாகவே எழுதலாம். நம்ம இலை ஓரத்து உப்பும் இப்படித்தான். ஊறுகாய் அந்தக் கணக்கில் வராது.

அறிவை அளப்பதிலும் இதே கதைதான். பார்மென்டரும் வார்டிலும் 1999-ல் பிரிட்டன்காரர்களுக்காகச் செய்த வினாத்தாளைத் துருக்கி மாணவர்களிடம் தனியாகச் சோதித்துப் பார்த்து 2012-ல் வெளியிட்டார்கள். வெறும் மொழிபெயர்ப்பு போதாது என்பதால்தான். அப்படிச் சோதிக்காமல் வாங்கிய குறைந்த மதிப்பெண் மாணவரின் அறியாமையா, அந்நியமான உணவுப் பட்டியலா என்று பிரிக்க வழியே இல்லை.

நானே வகுப்பில் இந்த ஆய்வைக் காட்டி 'எந்த நாட்டு மாணவர்கள் உப்பில் கவனம்' என்று வரிசை போட்டுப் பேசியிருக்கேன், ரொம்பத் தெம்பாக. அந்த ஸ்லைடை நேத்து எடுத்துட்டேன். ஆண்-பெண் வித்தியாசம் மட்டும் இருக்கு.